குறிக்கோள்

நாள்தோறும் நம் நாவில் வழங்கும் சொற்களுட் பல, அவற்றின் பொருளை நாம் ஆராயத் தொடங்குமுன்னரே நமக்குப் பழகிவிடுகின்றன. பழகிய முகத்தை நாம் உற்று நோக்குவதில்லை. பழகிய சொல்லையும் அவ்வாறே விட்டுவிடுகிறோம். ‘குறிக்கோள்’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. ‘என் வாழ்க்கையின் குறிக்கோள்’ என்னும் தலைப்பில் ஒரு கட்டுரையேனும் எழுதாமல் மேல்வகுப்பை அடைந்த மாணவர் அரியர். பேச்சுப் போட்டி மேடையிலும், ஆண்டு விழாவிற்கு வரும் பெரியோர் வாயிலும் இச்சொல்லைக் கேட்கிறோம். கடைத்தெருவிற் சென்றால், ‘தரமே எங்கள் குறிக்கோள்’ என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டிருப்பதையும் காண்கிறோம். இத்துணை இடங்களில் வழங்கும் சொல்லுக்குப் பொருள் யாதென வினவினால், ‘ஆசை’ என்பார் சிலர். ‘எதிர்காலத்தில் நாம் ஆக விரும்புவது’ என்பார் சிலர். இவ்விரு விடைகளும் சொல்லின் வாயில்வரை செல்கின்றனவேயன்றி உள்ளே புகவில்லை.

குறிக்கோள் என்பது குறி, கோள் என்னும் இரு சொற்களாலானது. இவற்றுள் ‘குறி’ என்பதற்கு அடையாளம் என்பது முதற்பொருள். ஆட்டு மந்தை உடையவர், தம் ஆடுகள் பிறர் ஆடுகளோடு கலந்துவிடாதபடி அவற்றின்மேல் ஓர் அடையாளம் இடுவர், அது குறி. அளக்கும் கலத்தில் இன்ன அளவு என்று காட்டும் கோடும் குறியே. பண்டைத் தமிழில் ‘குறியெதிர்ப்பை’ என்று ஓர் அரிய சொல் உண்டு. ஒருவரிடம் அளந்து வாங்கிய பொருளை அதே அளவில் திருப்பித் தருவதற்கு அப்பெயர் வழங்கிற்று. திருவள்ளுவரும் ஈகை என்னும் அதிகாரத்தில் இச்சொல்லை ஆள்கின்றார். பாலக்கோட்டைச் சூழ்ந்த சிற்றூர்களில், அடுத்த வீட்டில் இரண்டு படி கேழ்வரகு வாங்கிக் களி கிண்டிய இல்லத்தரசி, தன் வீட்டில் தவசம் வந்தவுடன் அதே படியால் அளந்து திருப்பிக் கொடுக்கிறாள். அச்செயலுக்குக் குறியெதிர்ப்பை என்று பெயர் உண்டென்பதை அவள் அறியாள். சொல் வழக்கு வீழ்ந்தது, செயல் வீழவில்லை.

அடையாளம் என்னும் பொருளிலிருந்து இலக்கு என்னும் பொருள் கிளைத்தது. வில்லாளன் தன் அம்பு சென்று தைக்க வேண்டிய இடத்தை முன்னரே தன் கண்ணால் அடையாளம் செய்துகொள்கிறான். அவ்வடையாளம் அவனுக்குக் குறி ஆகிறது. குறி பார்த்தல், குறி வைத்தல், குறி தவறுதல் என்னும் வழக்குகளெல்லாம் இவ்வாறு எழுந்தன. முகத்தில் தோன்றும் அடையாளத்தைக் கொண்டு அகத்தை அறிதல் ‘குறிப்பறிதல்’ எனப்படும். திருக்குறளில் இத்தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு உண்டு: பொருட்பாலில் 71-ஆம் அதிகாரம், இன்பத்துப்பாலில் 110-ஆம் அதிகாரம். அமைச்சன் அரசனுடைய முகத்தைப் படிப்பதும், காதலன் காதலியின் கண்ணைப் படிப்பதும் ஒரே பெயர் பெற்றன. நாட்குறிப்பு, குறிப்பேடு, குறியீடு என்பனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே.

இனிக் ‘கோள்’ என்பதனை நோக்குவோம். கொள் என்னும் வினைப்பகுதி முதல் நீண்டு கோள் என்றாயிற்று. பெறு என்பது பேறு என்றும், கெடு என்பது கேடு என்றும், படு என்பது பாடு என்றும் ஆவது போன்றது இது. இலக்கண நூலார் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். ஆகவே கோள் என்றால் கொள்ளுதல், பற்றுதல் என்பது பொருள். வேண்டிக் கொள்ளுதல் வேண்டுகோள். ஆராய்ச்சிக்காக ஒன்றனை உண்மை போலக் கருதிக் கொள்ளுதல் கருதுகோள். தம் கூற்றுக்கு வலிமை தரும் பொருட்டுப் பிறர் கூற்றை எடுத்துக் கொள்ளுதல் மேற்கோள். கொள்கை என்னும் சொல்லும் இவ்வேரிற் பிறந்ததே.

ஈண்டு எழுத்துப் பிழை ஒன்றைச் சுட்டுதல் தகும். மாணவர் சிலர் ‘குறிக்கோல்’ என்று லகர ஒற்றிட்டு எழுதுகின்றனர். செங்கோல், அளவுகோல், எழுதுகோல் என்பவற்றில் உள்ளது கையிற் பிடிக்கும் கோல். அங்கே லகரம் வரும். வேண்டுகோள், மேற்கோள், குறிக்கோள் என்பவற்றில் உள்ளது கொள்ளுதலாகிய கோள்; இங்கே ளகரமே வரும். குறிக்கோல் என்றெழுதினால், ஆட்டுக்குக் குறியிடும் கோல் என்று பொருள் கொள்ள நேரும்!

இரு சொற்களையும் சேர்த்து நோக்கின், குறிக்கோள் என்பது குறியைக் கொள்ளுதல் ஆகும். ஓர் இலக்கை அடையாளம் கண்டு, அதனை விடாது உள்ளத்திற் பற்றியிருத்தல் என்று விரித்துரைக்கலாம். காண்பது ஒரு செயல். பற்றியிருப்பது மற்றொரு செயல். முன்னது ஒரு நொடியில் நிகழும். பின்னதற்கு ஆண்டுகள் பல வேண்டும். நம்மவர் பேச்சில் பெரும்பாலும் முன்னதாகிய பாதியே குறிக்கோள் என்று வழங்கிவருகிறது.

ஒரு சொல்லின் இயல்பை அறிதற்கு, அஃது எவ்வினையோடு கூடி வழங்குகிறது என்று நோக்குவது நல்வழி. ‘ஆசை’ என்னும் சொல் ‘படுதல்’ என்பதனோடு கூடி, ஆசைப்படுதல் என வரும். துன்பப்படுதல், அச்சப்படுதல், அடிபடுதல் என்பவற்றைக் காண்க. இவற்றுள் ஒன்றும் நாம் முயன்று செய்வதன்று. நம்மேல் வந்து வீழ்வது. ஆசையும் அவ்வாறே வந்து பற்றுகிறது. பிறர் நமக்கு ஆசை காட்டவும் கூடும். ஆசை வார்த்தை பேசிப் பொருள் பறித்தவர் செய்தியை நாளிதழ்களிற் படிக்கிறோம். ‘குறிக்கோள் காட்டி ஏமாற்றினான்’ என்று எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா? ‘கனவு’ என்பதோ காணப்படுவது. தானே பலிக்கும், தானே கலையும். குடியரசுத் தலைவராக 2002 முதல் 2007 வரை விளங்கிய அப்துல் கலாம், மாணவர்களைக் கனவு காணுமாறு சென்றவிடமெல்லாம் கூறிவந்தார். அவர் கருதியது உறக்கத்தில் வரும் கனவை அன்று. குறிக்கோள் என்பதன் பொருளையே அச்சொல்லின்மேல் ஏற்றி வழங்கினார்.

‘வேட்கை’ என்பது வேள் என்னும் அடியிற் பிறந்த வலிய சொல். நீர் வேட்கை என்றால் தாகம். உடல் நீரை வேண்டித் தவிப்பது போல உள்ளம் ஒன்றனை வேண்டித் தவிப்பது வேட்கை. தேர்தலில் நிற்பவரை ‘வேட்பாளர்’ என்கிறோம். பதவியை வேட்பவர் என்பது பொருள். குறிக்கோளாளர் என்னாது வேட்பாளர் என்று பெயரிட்டவர், பொருளறிந்தே இட்டார் போலும்!

‘அவா’ என்னும் சொல்லைப் பற்றி மாணவர்க்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. திருவள்ளுவர் 37-ஆம் அதிகாரத்திற்கு அவாவறுத்தல் என்று பெயரிட்டு, அவாவை அடியோடு களையச் சொல்கின்றார். அவரே 60-ஆம் அதிகாரமாகிய ஊக்கமுடைமையில், எண்ணுவனவெல்லாம் உயர்ந்தனவாகவே இருத்தல் வேண்டும் என்றும், அவை கைகூடாமற் போயினும் அவ்வெண்ணத்தைக் கைவிடலாகாது என்றும் வற்புறுத்துகின்றார். இவை தம்முள் முரணாவோ? ஆகா. அவா என்பது பொருளைத் தன்பால் இழுப்பது. ஊக்கமோ தன்னை உயர்ந்த ஒன்றன்பாற் செலுத்துவது. அம்பு குறியை நோக்கிச் செல்லுமேயன்றிக் குறி அம்பினை நோக்கி வருவதில்லை.

வடமொழியிலிருந்து வந்து தமிழில் வழங்கும் ‘இலட்சியம்’ என்னும் சொல்லும் இதே உவமையை உள்ளே உடையது. அதற்கும் எய்தற்குரிய இலக்கு என்பதே பொருள். அதன் எதிர்மறையாகிய அலட்சியம் என்பது நம் வீடுகளில் அன்றாடம் ஒலிப்பது. ‘சொன்னதை அலட்சியம் செய்தான்’ என்றால், அதனை ஒரு பொருட்டாக மதியாமல் விட்டான் என்பது கருத்து. இலட்சியத்திற்கு எதிர் தோல்வி அன்று. அலட்சியமே என்பதனை மொழியே சொல்லித் தருகிறது.

குறிக்கோள் என்பது அண்மைக் காலத்தில் கட்டுரைத் தலைப்புக்காகப் படைத்துக்கொண்ட சொல் என எண்ணுவாரும் உளர். அது பிழை. ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசர் திருக்கொண்டீச்சரத்து இறைவனைப் பாடிய தேவாரப் பதிகத்தில் இச்சொல்லை ஆண்டுள்ளார். இளமையும் போயிற்று, காளைப் பருவமும் போயிற்று, கோலூன்றும் முதுமையும் வந்துற்றது; குறிக்கோள் இன்றிக் கெட்டேனே என்று அவர் இரங்குகின்றார். தமக்கு இன்பமோ பொருளோ புகழோ கிட்டவில்லை என்று அவர் வருந்தவில்லை என்பதனை மாணவர் கவனித்தல் வேண்டும். நாட்கள் எதனையும் பற்றாமற் கழிந்தன என்பதே அவர் துயரம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இச்சொல்லுக்கு இருந்த ஆழம் இது.

பேச்சு வழக்கு இவ்வாழத்தை முற்றும் இழந்துவிடவில்லை. சிற்றூரார் குறிக்கோள் என்னும் சொல்லை அரிதாகவே வழங்குவர். ஆயினும் ‘அதிலேயே குறியாக இருக்கிறான்’ என்பது எங்கும் கேட்கக் கூடியது. பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளிக் கூடைகளோடு வரும் உழவரை எண்ணிப் பாருங்கள். ‘இன்றைக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும்’ என்று அவர் நினைப்பது எதிர்பார்ப்பு. விலை ஏறினால் மகிழ்வார், வீழ்ந்தால் வாடுவார், மறுநாள் அந்நினைவு புதிதாக எழும். அவரே, ‘மகளைக் கல்லூரிக்கு அனுப்பியே தீருவேன், நான் அதிலேதான் குறியா இருக்கிறேன்’ என்று சொல்வாராயின், அது வேறு வகை. விலை ஏறிய ஆண்டும் இறங்கிய ஆண்டும் அந்நினைவை மாற்றுவதில்லை. குறியாயிருத்தல் என்னும் இப்பேச்சு வழக்கும் குறிக்கோள் என்னும் ஏட்டு வழக்கும் ஒன்றே. பேச்சு வழக்கு தீய பொருளிலும் வரும்: ‘அவன் காசிலேயே குறியாக இருக்கிறான்’ என்பர். பற்று உறுதியாயிருப்பது மட்டும் போதாது, பற்றப்படும் குறியும் தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதனை இவ்வழக்கு நினைவூட்டுகிறது.

இனி, மாணவர் எழுதும் கட்டுரைக்கு வருவோம். ‘மருத்துவராவதே என் குறிக்கோள்’, ‘பொறியாளராவதே என் குறிக்கோள்’, ‘மாவட்ட ஆட்சித் தலைவராவதே என் குறிக்கோள்’ என்றே பெரும்பாலும் எழுதுகின்றனர். இவற்றைப் பிழையென்று கூறி மதிப்பெண் குறைக்க நான் விரும்பேன். ஆயினும் இவையெல்லாம் ‘ஆதல்’ பற்றிய வாக்கியங்கள். பாலக்கோட்டு நிலையத்தில் புகைவண்டிக்குக் காத்திருப்பவரை நோக்கி, ‘எங்கே செல்கிறீர்கள்?’ என்று கேட்டால், ‘ஓசூருக்கு’ என்பார். ‘எதற்காக?’ என்று கேட்டால், அதற்கு விடை ஓர் ஊரின் பெயராக இராது. மருத்துவராவது என்பது ஊரின் பெயர் போன்றது. எதற்காக என்னும் வினாவிற்குரிய விடையே குறியைக் காட்டும்.

இவ்வேறுபாட்டை ஒருவர் வாழ்வில் வைத்துக் காண்போமாயின் நன்கு விளங்கும். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாலக்கோட்டிற்குத் தெற்கே அண்மையில் பாப்பாரப்பட்டி என்னும் ஊர் உள்ளது. விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்து, உயிர் நீத்த ஊர் அது. இன்று தருமபுரி மாவட்டத்தில் அடங்கிய இப்பகுதி, அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ஆம் ஆண்டில்.

சிவா 1884-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தவர். இளமையிலேயே நாட்டு விடுதலையில் உள்ளம் தோய்ந்து, ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினார். தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு அவருக்கு நட்பு உண்டாயிற்று. சுதேசிக் கப்பல் ஓட்டிய பெருமகனாரும் இவ்விளைஞரும் ஒன்று சேர்ந்து, 1908-ஆம் ஆண்டில் அந்நகரத்துக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றனர். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இருவரும் சிறைப்பட்டனர். சூலை 7-ஆம் நாள் பின்கே என்னும் நீதிபதி தீர்ப்பளித்தார். சிவாவிற்குப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை கிடைத்தது. அவருக்கு இடமளித்து ஆதரித்தார் என்பது சிதம்பரம் பிள்ளை மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று! மேல்முறையீட்டில் இருவர் தண்டனையும் குறைக்கப்பட்டன. சிவா 1912-ஆம் ஆண்டில் விடுதலை பெற்றார்.

சிறைக்குள் சென்றபோது அவர் இருபத்து மூன்று வயதுக் காளை. வெளிவந்தபோது உடலிலே தொழுநோய் பற்றியிருந்தது. அந்நோய்க்கு அந்நாளில் உறுதியான மருந்து இல்லை; இன்றோ கூட்டு மருந்துகளால் அதனை முற்றும் குணப்படுத்த இயலும். நோய் தரும் துன்பம் ஒருபுறமிருக்க, கண்டார் அஞ்சி ஒதுங்கும் துன்பம் மறுபுறம் இருந்தது. மேடைப் பேச்சே தொழிலாக உடைய ஒருவர்க்கு இதனினும் கொடியது யாது? பிறர் முகம் தம்மைக் கண்டு சுளிப்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் கண்டிருப்பார்.

அவர் ஓய்ந்திருக்கவில்லை. சென்னையில் 1913-ஆம் ஆண்டில் ‘ஞானபாநு’ என்னும் திங்கள் இதழைத் தொடங்கினார். புதுச்சேரியிலிருந்த பாரதியார் அதில் எழுதினார். பின்னர் நாடகங்கள் எழுதினார். மீண்டும் சொற்பொழிவுகள் ஆற்றி, 1921-ஆம் ஆண்டில் மீண்டும் சிறைத்தண்டனை பெற்றார். துறவியருக்குரிய காவியுடை பூண்டார். சுதந்திரானந்தர் என்னும் பெயரும் அவர்க்கு வழங்கிற்று. துறவிகள் வீடுபேற்றைக் குறிக்கும் பெயர்களைப் பூணுவது மரபு. இவரோ நாட்டின் விடுதலையையே பெயராகப் பூண்டார்.

பாப்பாரப்பட்டியில் நண்பர் துணையோடு நிலம் பெற்று, பாரதபுரம் எனப் பெயரிட்டு, ஓர் ஆசிரமம் அமைத்தார். அங்கே பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்பது அவர் கொண்ட எண்ணம். சாதி சமய வேறுபாடின்றி எவரும் வந்து, தாய்நாட்டைத் தாயாகக் கண்டு வணங்குதற்குரிய இடமாக அதனை அவர் கருதினார். வங்க நாட்டுத் தலைவர் சித்தரஞ்சன் தாசு 1923-ஆம் ஆண்டில் அங்கு வந்து அடிக்கல் நாட்டினார். காசி மாநகரில் சிலைக்கு மாறாகச் சலவைக்கல்லில் செதுக்கிய இந்திய நிலப்படத்தை உள்ளே கொண்ட பாரதமாதா கோயிலைக் காந்தியடிகள் திறந்துவைத்தது 1936-ஆம் ஆண்டில். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே இச்சிற்றூரில் கல் நாட்டப்பெற்றது.

கல் நாட்டியாயிற்று, கட்டடத்திற்குப் பொருள் வேண்டுமே! அதனை ஈட்டச் சிவா ஊர்தோறும் சென்றார். தொழுநோயாளர் புகைவண்டியில் ஏறலாகாது என்று ஆங்கில அரசினர் தடுத்தனர். புண்பட்ட கால்களோடு நடந்தும், மாட்டு வண்டியிற் சென்றும் அவர் பயணம் செய்தார். வழிநெடுக நாட்டுப்பற்றைப் பேசினார், பொருள் திரட்டினார். திரண்ட பொருள் கோயிலுக்குப் போதவில்லை. 1925-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் அடிக்கல் நாட்டிய சித்தரஞ்சன் தாசு மறைந்தார். ஐந்து வாரங்கள் சென்றபின், சூலை 23-ஆம் நாள், பாப்பாரப்பட்டியில் சிவாவும் கண்மூடினார். அப்போது அவருக்கு நாற்பத்தோராம் வயது நிறையவில்லை. கோயிலின் சுவர் எழவில்லை. நாடும் அடிமைப்பட்டே கிடந்தது.

இவர் குறிக்கோள் யாது என்று வினவினால், கோயில் கட்டுவது என்று பலர் விடை கூறுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தூத்துக்குடியில் அவர் தொழிலாளரிடையே நின்றார், சென்னையில் இதழாசிரியராக அமர்ந்தார், பிறகு நாடகாசிரியர், அதன்பின் காவியுடைத் துறவி, இறுதியில் ஆசிரமத் தலைவர். கோலம் மாறிக்கொண்டே வந்தது. ‘நான் இன்னார் ஆவேன்’ என்பது அவருடைய குறியாக இருந்திருப்பின், ஒவ்வொரு மாற்றத்தையும் தோல்வி என்றே கணக்கிட வேண்டும். மாறாது நின்றது ஒன்றே: நாடு விடுதலை பெறுதல். ஆலைத் தொழிலாளரும், இதழ் படிப்பவரும், நாடகம் காண்பவரும், கோயிலுக்கு வருபவரும் அவ்வொன்றைத் தம் உள்ளத்திலும் கொள்ள வேண்டும் என்பதற்காகவே அவர் கோலங்கள் மாறின. கோயில் அவர் எய்த அம்புகளுள் இறுதியானது. குறி அதற்கும் அப்பால் இருந்தது.

அங்ஙனமாயின், குறியை அடையாது இறந்த அவரை எவ்வாறு மதிப்பது? திருவள்ளுவர் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் இருவரை ஒப்பிட்டுக் காட்டுகின்றார். ஒருவன் கையில் முயலைத் தவறாமல் எய்த அம்பு உள்ளது. மற்றொருவன் கையில் யானையின்மீது எறிந்து குறிதப்பிய வேல் உள்ளது. பின்னவனது வேலை ஏந்துவதே இனிது என்பது அவர் முடிபு. மதிப்பெண்ணையும் பரிசையும் கொண்டே வெற்றியை அளக்கப் பழகிய நமக்கு இம்முடிபு சிறிது கடினமாகவே இருக்கும். எனினும், குறிக்கோள் என்னும் சொல்லில் ‘அடைதல்’ என்னும் பொருள் எவ்விடத்தும் இல்லை என்பதை நாம் முன்னரே கண்டோம். குறியும் கொள்ளுதலும் உள்ளன. எய்துதல் அச்சொல்லுக்கு வெளியே நிற்கிறது.

சிவா மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1947-ஆம் ஆண்டில், நாடு விடுதலை பெற்றது. கோயில் அடிக்கல்லோடு நின்றது. விடுதலை வந்துவிட்டபின் அதற்கென ஒரு கோயில் எதற்கு என்று எவரும் கேட்டிருக்கலாம்; கேட்டவர்க்கு விடை கூறுவதும் எளிதன்று. ஆயினும் அவ்வெண்ணம் அழியவில்லை. பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு மணிமண்டபம் அமைந்தது. அவர் விரும்பியவாறு பாரதமாதாவுக்கும் நினைவாலயம் வேண்டும் என்னும் கோரிக்கை நின்று நிலவியது. தமிழ்நாட்டு அரசு அதனைக் கட்டி, 2021-ஆம் ஆண்டில் திறந்தது. அடிக்கல் நாட்டியதற்கும் கதவு திறந்ததற்கும் இடையே தொண்ணூற்றெட்டு ஆண்டுகள் சென்றிருந்தன.

கோள் என்பது தொழிற்பெயர் என்றோம். ‘கொண்டான்’ என்னும் வினைமுற்று, கொண்டவன் ஒருவன் என்பதையும், அவன் கொண்டது இறந்த காலத்தில் என்பதையும் காட்டும். ‘கொள்வர்’ என்பது பலரையும் எதிர்காலத்தையும் காட்டும். தொழிற்பெயரோ காலத்தைக் காட்டாது. கொண்டவர் ஒருவரா பலரா, ஆணா பெண்ணா என்பதையும் காட்டாது. பாப்பாரப்பட்டிக் கோயிலைப் பொறுத்தவரை அக்கோளுக்கு உரியவர் யார்? கண்ட முதல்வர் சிவா. கல் நாட்டியவர் சித்தரஞ்சன் தாசு. நிலத்திற்கும் பொருளுக்கும் உதவிய நண்பர்கள் உளர். நோயுற்ற அவரை வீட்டிற்குள் அழைத்துச் சோறிட்டவர் வழிநெடுக இருந்திருப்பர். நான்கு தலைமுறையாக அந்நினைவை அவியாது காத்த ஊரார் உளர். இவருள் பலர் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.